கேம் உலகம் இருண்டு கிடந்தால் ஆட முடியாமல் போவது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வாசிக்கும்போது உதவும். எல்லோரும் புகழும் ஒரு கேமை வாங்கி 10 மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள். கிராபிக்ஸ், இசை, சண்டை எதிலும் குறை இல்லை. ஆனால் போகிற ஊரெல்லாம் பிணம் கிடக்கிறது, பேசிப் பழகிய ஆள் நாலு காட்சிக்குள் செத்துப்போகிறார், நீங்கள் என்ன செய்தாலும் எதுவும் தேறுவதில்லை. இப்போது கன்ட்ரோலரைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. நான்தான் பலவீனமான ஆளா, இல்லை கேமில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலவீனம் என்ற சொல்லை முதலில் தூக்கிப் போட்டுவிடுங்கள். இந்த மாதிரி கேம்களைத் தேடித் தேடி ஆடுகிறவன் நான். பாதியில் விட்டவையும் நிறைய. எதை முடித்தேன், எதை விட்டேன் என்று யோசித்துப் பார்த்தால், இருட்டின் அளவு அதைத் தீர்மானித்ததே இல்லை. கொடூரமான உலகங்கள் சிலவற்றில் 100 மணி நேரம் நிம்மதியாகச் சுற்றியிருக்கிறேன். அவற்றைவிட லேசான சிலவற்றில் ஒரு சாயங்காலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனக்குப் பிடிபட்டது இதுதான்: அந்த உலகத்தில் காப்பாற்ற ஏதாவது ஒன்று மிச்சம் இருக்க வேண்டும், அதற்காக என் கையால் ஏதாவது செய்ய முடிய வேண்டும். இரண்டும் இருந்தால் எத்தனை இருட்டையும் தாங்கலாம். இரண்டில் ஒன்று போனாலும் கை தானாகவே ஓய்ந்துவிடுகிறது.

உங்களுக்கு நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கேமை அணைத்த பிறகு, அதில் வரும் யாரையாவது நினைத்துக்கொள்கிறீர்களா? "அந்தப் பையனை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோமே" என்று மனசு அடித்துக்கொள்கிறதா? அப்படியானால் நீங்கள் படுவது துக்கம். கேம் உங்களைத் தொட்டிருக்கிறது, உங்களுக்குத் தேவை கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் ஒரு முக்கியமான ஆள் சாகும் காட்சியில் நீங்கள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், விஷயம் வேறு. மனசு மரத்துவிட்டது. அடுத்தடுத்து எல்லோரும் சாகத்தான் போகிறார்கள் என்று தெரிந்துபோனால், யார் மேலும் பிரியம் வைக்காமல் இருக்க மனசு பழகிக்கொள்கிறது. அது தற்காப்பு. அதன் பிறகு கேம் எவ்வளவு பெரிய கொடுமையைக் காட்டினாலும் உங்களுக்குச் சலிப்புதான் வரும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை எனக்குக் காட்டிக்கொடுத்த கேம் 'திஸ் வார் ஆஃப் மைன்'. போலந்தைச் சேர்ந்த 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்டது. சரயேவோ நகரம் 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாள் முற்றுகையில் கிடந்ததே, அந்த அனுபவங்களிலிருந்து பிறந்தது. இதில் நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீடொன்றில் ஒண்டியிருக்கும் மூன்று நாலு சாதாரண ஆட்களைக் கவனித்துக்கொள்கிறீர்கள். பகலில் துப்பாக்கிக்காரர்களுக்குப் பயந்து வெளியே போக முடியாது. வீட்டுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, மழைநீர் பிடிக்கும் கருவி என்று எதையாவது செய்துகொள்ள வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய் உணவும் மருந்தும் தேடி வர வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வயதான தம்பதியின் வீடு உண்டு. அவர்களிடம் உணவும் மருந்தும் இருக்கும், ஆயுதம் எதுவும் இருக்காது. என் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். கிழவர் பின்னாலேயே வந்து கெஞ்சினார், அடிக்கக்கூட இல்லை. காலையில் வீடு திரும்பியதும் என் ஆட்களின் முகம் மாறிவிட்டது. திருடி வந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், சொன்ன வேலையைச் செய்ய எழுந்திருக்கவே இல்லை. எடுத்த மருந்தால் ஒருவர் பிழைத்தார், எடுத்தவர் உள்ளுக்குள் உடைந்துபோனார். அன்று இரவு நான் கேமை மூடிவிட்டு ரொம்ப நேரம் வேறெதுவும் செய்யாமல் இருந்தேன்.

இவ்வளவு கனமான கேமை எப்படி முடித்தேன்? அதிலேயே விடையும் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு நல்ல நாற்காலி செய்து போடலாம். பழைய வானொலிப்பெட்டியைச் சரி செய்தால் அதில் இசை வரும். புத்தகம் கிடைத்தால் யாராவது உட்கார்ந்து படிப்பார்கள், கிட்டார் கிடைத்தால் வாசிக்கத் தெரிந்தவர் வாசிப்பார். மனம் நொந்து கிடப்பவரிடம் இன்னொருவரைப் பேச அனுப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் உதவி கேட்டு வந்தால், இருப்பதில் கொஞ்சம் கொடுத்தால், கொடுத்தவர்களின் முகமே தெளிந்துவிடும். போரை உங்களால் நிறுத்த முடியாது. ஆனால் அந்த நாலு சுவருக்குள் இன்று இரவு குளிர் குறைய நீங்கள் ஏதாவது செய்யலாம். கேம் உங்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் அவ்வளவு சின்னது, ஆனால் அது உண்மையானது. 2020இல் போலந்து அரசு இந்த கேமைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை.

குளிரும் இரவுகளில் நாலு பேர் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவார்களே, அதைக் கணப்பு என்போம். ஒரு கேமின் உலகம் தாங்குமா தாங்காதா என்று பார்க்க நான் தேடுவது அதைத்தான்: இங்கே கணப்பு எங்கே இருக்கிறது?

'டார்க் சோல்ஸ்' பற்றிப் பேசும்போது எல்லோரும் அதன் கடினத்தைச் சொல்வார்கள். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக ஹிதெதாகா மியாசாகி இயக்கி 2011இல் வந்தது. அந்த உலகத்தில் சாவு என்பதே கெட்டுப்போய்விட்டது. மனிதர்கள் செத்துச் செத்து எழுந்து, கடைசியில் புத்தி மழுங்கி வெறும் கூடாகிவிடுகிறார்கள். ராஜ்ஜியம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இதைவிட நம்பிக்கையற்ற களம் அமைப்பது கஷ்டம். ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் அதை நேசிக்கிறார்கள், நானும் ஒருவன். அங்கே கணப்பு நிஜமாகவே கணப்பாக இருப்பது ஒரு காரணம். வாள் செருகிய ஒரு நெருப்பு, அதன் பக்கத்தில் உங்கள் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவார், காயமெல்லாம் ஆறும். நகரத்தின் உச்சியில் பல மணி நேரம் போராடிவிட்டு, ஒரு லிஃப்டைக் கண்டுபிடித்து அது எங்கே இறங்குகிறது என்று தெரியாமலே நின்றுகொண்டிருக்கும்போது, கதவு திறந்து நாம் கிளம்பிய அதே முதல் கணப்பின் பக்கத்தில் கொண்டுவந்து விடுமே, அந்த நொடியில் எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. வீடு திரும்பிய உணர்வு அது, பாழடைந்த ராஜ்ஜியத்துக்கு நடுவில்.

பின்னால் ஒரு கட்டத்தில் அந்தக் கணப்பையே அணைத்துவிடுகிறார்கள். எப்படி என்று சொல்லவில்லை, ஆடாதவர்கள் இருக்கலாம். ஆனால் அந்த அடி வலிப்பதற்குக் காரணம், அதற்கு முன் அத்தனை மணி நேரம் அந்த நெருப்பு நமக்குச் சூடு கொடுத்திருக்கிறது. முதலிலேயே நெருப்பே இல்லாத உலகத்தில் எதை அணைத்து என்ன?

இந்த கேம்களில் முகம் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் எழுதிவிட்டுப் போகும் குறிப்புகள் வரும். முன்னால் பள்ளம், இங்கே பதுங்கியிருக்கிறான், மனம் தளராதே என்று. உங்களுக்கு உதவ வேறொருவரின் உருவம் வந்து சண்டை போட்டுவிட்டு மறைந்துவிடும். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று மியாசாகி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பனி பெய்த ஒரு மேட்டில் கார்கள் ஏற முடியாமல் சறுக்கி நின்றபோது, பின்னால் இருந்த கார் முன்னால் இருந்ததை முட்டித் தள்ளி ஏற்றிவிட்டிருக்கிறது. அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் மேடேறினார்கள். நின்று நன்றி சொல்லப் போனால் மறுபடி சிக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அந்த ஆட்களை அவர் பார்க்கவே இல்லை. வரிசையில் கடைசியாக நின்றவர் என்ன ஆனார், வீடு போய்ச் சேர்ந்தாரா என்று யோசித்துக்கொண்டே போயிருக்கிறார். டார்க் சோல்ஸுக்கு முன் 2009இல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' கேமிலேயே அந்த நினைவு விதிமுறையாக மாறிவிட்டது. அந்த உலகத்தின் இருட்டை எப்படித் தாங்குகிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லத்தக்க இன்னொன்று 'ஹாலோ நைட்'. ஆஸ்திரேலியாவின் டீம் செரி என்ற மிகச் சின்னக் குழு 2017இல் கொண்டுவந்தது. அழிந்துபோன பூச்சி ராஜ்ஜியம், பூமிக்கடியில் நீளும் சுரங்கங்கள், அறிவிழந்து திரியும் பிராணிகள். பக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் திணறும்போது, எங்கிருந்தோ ஒருவர் வாய்க்குள் பாடும் முணுமுணுப்பு கேட்கும். தரையில் கிழிந்த காகிதங்கள் சிதறியிருக்கும். அவற்றைத் தொடர்ந்து போனால் கார்னிஃபர் என்ற குண்டு வண்டு உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான். சண்டையில் அவர் உதவ மாட்டார், கதையைத் திருப்ப மாட்டார். தன் வேலையை ரசித்துச் செய்துகொண்டிருக்கிறார். அந்த முணுமுணுப்பு கேட்ட நொடியில் தோள் தளர்ந்து மூச்சு விடாத ஆட்டக்காரர் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். மேலே இருக்கும் ஊரில் முதலில் ஒரே ஒரு கிழப்பூச்சிதான் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் கீழே போய்ப் போய் வர வர, கடை திறக்கும், ஆட்கள் திரும்புவார்கள். பெரிய மாற்றம் எதுவும் கிடையாது. ஆனால் நீங்கள் பட்ட பாட்டின் தடம் அங்கே தெரியும்.

இந்தத் தடம் என்கிற விஷயம் எனக்கு மிக முக்கியம். நின்டென்டோ 2000இல் வெளியிட்ட 'மஜோராஸ் மாஸ்க்' பார்ப்பதற்குக் குழந்தைகளின் கேம் மாதிரி இருக்கும், வண்ணமயமாக. உள்ளே இருப்பதோ, 3 நாளில் நிலா விழுந்து ஊரே அழியப்போகிற கதை. நீங்கள் காலத்தைத் திருப்பித் திருப்பி முதல் நாளுக்கே போகிறீர்கள். உதவி செய்தவர்கள் எல்லோரும் உங்களை மறந்துவிடுகிறார்கள், அவர்கள் பிரச்சினை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நினைத்துப் பார்த்தால் இதைவிடக் கொடுமை உண்டா? ஆனால் அவர்கள் கொடுத்த முகமூடி உங்களிடம் இருக்கிறது, நோட்டுப்புத்தகத்தில் நீங்கள் செய்ததன் குறிப்பு இருக்கிறது. அவர்கள் மறந்தாலும் நடந்தது நடந்ததுதான். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை போய்விடலாம்.

நம் திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையற்று வறண்டு திரிந்தால் அதுவே பாலை. வறட்சியைப் பார்க்கிறவர் மனதில் முன்பிருந்த பச்சையும் இருக்கிறது, அதனால்தான் அந்த வறட்சி உறுத்துகிறது. கேம் உலகங்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) 100 ஆண்டுக்கு முன் அழிந்த ஒரு நாட்டில்தான் நடக்கிறது. எங்கு பார்த்தாலும் இடிபாடு. ஆனால் அதை யாரும் இருண்ட கேம் என்று சொல்வதில்லை. இடிந்த சுவரின் மேல் புல் முளைத்திருக்கிறது, இங்கே யாரோ வாழ்ந்தார்கள் என்பது தெரிகிறது. ஹட்சன் என்ற ஒரு ஆள் வெறும் பாறைத்திட்டில் தனியாக ஒரு ஊர் கட்டத் தொடங்குகிறார். நாலா திசையிலிருந்தும் ஒவ்வொரு இனத்தவரை நாம் தேடி அழைத்து வருகிறோம். கடைசியில் அங்கே ஒரு கல்யாணம் நடக்கிறது. கேமின் முக்கியக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் எனக்கு அதில் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊர்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம், எப்போதும் பாலையாகவே இருந்த மாதிரி தெரியும் உலகங்கள். சாம்பல் வானம், துரு, சேறு, ரத்தம். முதல் ஊரும் அப்படி, பதினைந்தாவது ஊரும் அப்படி. பேசுகிற எல்லோரும் ஒரே கரகரப்பான குரலில் மிரட்டுவார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், யாருக்கும் பசி, காதல், பொறாமை என்று தனி ஆசை எதுவும் இருக்காது. இதை முதிர்ச்சி என்று நினைத்துச் செய்கிறார்கள். உண்மையில் போர் நடக்கும் ஊரிலும் மனிதர்கள் சீட்டாடுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், தலை வாரிக்கொள்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொம்மலாட்ட மேடை. உங்கள் கேம் இந்த ரகமாக இருந்தால் கோளாறு கேமில்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

கால அளவையும் கவனிக்க வேண்டும். டென்மார்க்கின் ப்ளேடெட் 2010இல் வெளியிட்ட 'லிம்போ' முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு சின்னப் பையன் திரும்பத் திரும்ப மிகக் கோரமாகச் சாகிறான். ஒரு சொல் வசனம் கிடையாது. ஆனால் நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கெட்ட கனவின் நீளம், அதனால் தாங்கலாம். அதே இருட்டை 60 மணி நேரம் நீட்டினால் யாராலும் ஆட முடியாது. 60, 80 மணி நேரம் நீளும் கேமுக்கு ஏற்ற இறக்கம் கட்டாயம் வேண்டும். 'தி விட்சர் 3' (2015) இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது. வெலென் என்ற பகுதியில் மரத்தில் ஆட்கள் தொங்குகிறார்கள், போர் தின்றுவிட்டுப் போன கிராமங்கள். ஆனால் எந்தச் சத்திரத்துக்குப் போனாலும் யாராவது க்வெண்ட் என்ற சீட்டாட்டத்துக்கு உட்காருவார்கள். பழைய கோட்டையில் நண்பர்கள் மூன்று பேர் குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் ஒரு இரவு வரும். 2016இல் வந்த அதன் கடைசி டிஎல்சி, அதாவது பின்னால் தனியாக வெளியிட்ட கூடுதல் பகுதி, வெயிலும் திராட்சைத் தோட்டமுமாக இருக்கும் டூசாங் என்ற நாட்டுக்கு அழைத்துப்போனது. வெலெனின் சேற்றில் அத்தனை நாள் நடந்தவருக்கு அந்த வெயில் எப்படியிருக்கும் என்று ஆடினால்தான் தெரியும்.

உக்ரைனில் தொடங்கிய 4ஏ கேம்ஸின் 'மெட்ரோ' வரிசையும் இதே பாடத்தைக் கற்றுக்கொண்டது. முதல் இரண்டும் பெரும்பாலும் அணுப்போருக்குப் பின் மாஸ்கோவின் சுரங்க ரயில் பாதைகளுக்குள்ளேயே நடந்தன. மூச்சு முட்டும். எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே மூச்சில் ஆட முடியாது. 2019இல் வந்த 'மெட்ரோ எக்ஸோடஸ்' அதே ஆட்களை ஒரு ரயிலில் ஏற்றி வெளியே கொண்டுபோனது. ஒவ்வொரு ஆபத்தான இடத்துக்கும் நடுவே ரயிலில் உட்கார்ந்து பேசலாம், கிட்டார் வாசிக்கலாம், ஜன்னல் வழியே பருவங்கள் மாறுவதைப் பார்க்கலாம். அந்தப் பேச்சுகளை நான் ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

இதுவரை சொன்னது கதையிலும் காட்சியிலும் இருக்கும் இருட்டு. விதிமுறையிலேயே இருட்டு இருக்கும் கேம்கள் தனி. 'டார்க்கஸ்ட் டஞ்சன்' (2016) கேமில் உங்கள் வீரர்களுக்கு உடல்நலம் போக மன அழுத்தத்துக்கும் ஒரு அளவு உண்டு. 100ஐத் தொட்டால் பெரும்பாலும் ஆள் மனம் பிறழ்ந்துவிடுவார், அரிதாகத்தான் உறுதி பெறுவார். 200ஐத் தொட்டால் மாரடைப்பு. செத்தவர் செத்தவர்தான், முன்பு பதிந்துவைத்த இடத்துக்கு, அதாவது பழைய சேவுக்கு, திரும்ப முடியாது. 10 மணி நேரம் வளர்த்த ஒருவரை ஒரு துரதிர்ஷ்டமான சுற்றில் இழந்தால், நீங்கள் இழப்பது ஒரு கதாபாத்திரத்தை மட்டுமா? உங்கள் சொந்த வாழ்க்கையின் 10 மணி நேரத்தையும்தான். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு அது ஒரு வாரத்துக்கும் மேல். அது சோர்வை உண்டாக்காமல் எப்படி இருக்கும்? 2015இல் இது முன்வெளியீட்டு நிலையில் இருந்தபோது செத்த எதிரியின் பிணம் இடத்தை அடைத்துக் கிடப்பதும் மாரடைப்பும் சேர்க்கப்பட்டதற்கு ஆட்டக்காரர்களிடம் பெரிய எதிர்ப்பு எழுந்து, அவற்றை அணைத்து வைக்கும் வசதி கொடுத்தார்கள். பின்னாளில் நேரம் குறைவாக எடுக்கும் ஒரு முறையையும் சேர்த்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. நான் ஆடுவதும் அந்த முறையில்தான்.

'பேத்தலாஜிக் 2' (2019) இந்தப் பக்கத்தின் எல்லை. கொள்ளைநோய் பிடித்த ஊரில் ஒரு மருத்துவனாக 12 நாள். பசி, தூக்கம், நோய் எல்லாம் சேர்ந்து நெருக்கும், எல்லோரையும் காப்பாற்றவே முடியாது. நீங்கள் செத்தால் அதற்கான தண்டனை பழைய சேவுகளையும் தொற்றிக்கொள்ளும், அதனால் திரும்பிப்போய்த் தப்பிக்கவும் வழியில்லை. மிக அபூர்வமான படைப்பு என்று மதிக்கிறேன். ஐந்தாம் நாளுக்கு மேல் என்னால் போக முடியவில்லை. வெளியான சில காலத்தில் அதிலும் கடினத்தைக் குறைக்கும் வசதி வந்தது. திரும்பத் தொடங்கினால் அதைக் குறைத்துக்கொண்டுதான் தொடங்குவேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இன்னொரு வகையிடம் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. வேறு வழியே கொடுக்காமல் உங்களை ஒரு பாவத்தைச் செய்யவைத்து, பிறகு "நீதான் செய்தாய்" என்று விரல் நீட்டும் கேம்கள். துபாயில் நடக்கும் 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' (2012) கேமில் வெள்ளை பாஸ்பரஸ் குண்டு போடும் காட்சி இதற்குப் பேர்போனது. போடாமல் கதை நகராது. போட்ட பிறகு, எரிந்து கிடப்பவர்கள் அப்பாவி மக்கள் என்று காட்டுவார்கள். அதைப் பெரிய சாதனையாகக் கருதுகிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. போரை வேடிக்கையாக ஆடிக்கொண்டிருந்த கேம்களுக்கு அது ஒரு கேள்வியாக வந்தது. ஆனால் 'திஸ் வார் ஆஃப் மைன்' கேமில் மருந்தை எடுத்தது நான். எடுக்காமலும் இருந்திருக்கலாம். அந்தக் குற்ற உணர்வு என்னுடையது. இங்கே பழி மட்டும் என்னுடையது, தேர்வு என்னுடையதில்லை. பழிவாங்கும் கதையான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' (2020) ஆடிய பலர் பாதியில் களைத்துப்போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பழிவாங்கல் தப்பு என்று நமக்கு எப்போதோ புரிந்துவிடுகிறது, கதாபாத்திரத்துக்குப் புரிய இன்னும் பல மணி நேரம் ஆகிறது, அதுவரை பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது நாம். இதே வரிசையின் முதல் கேமில் (2013) இடிந்த நகரத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் நடந்துபோகும் ஒரு காட்சி வரும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம், கேம் அவசரப்படுத்தாது. நான் வெகுநேரம் நின்றேன்.

சரி, உங்கள் பக்கம் வருவோம். கேம் ஒன்றாகவே இருந்தாலும் ஆடுகிற ஆள் ஒரே ஆளாக இருப்பதில்லை. வீட்டில் ஒருவர் நோயில் கிடந்த மாதங்களில் என்னால் பசி, நோய், மருந்து என்று வரும் எந்த கேமையும் தொட முடியவில்லை. அதே மாதங்களில் டார்க் சோல்ஸ் மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அங்கே எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், பத்து முறை தோற்றால் பதினோராவது முறை வீழ்த்தலாம். இன்னொருவருக்கு இது நேர்மாறாக இருக்கலாம். மனசு ஏற்கெனவே கீழே இருக்கும் நாட்களில் மேலும் கீழே இழுக்கும் உலகத்துக்குள் கட்டாயமாகப் போய் உட்கார வேண்டியதில்லை. பல வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, கேம் மட்டுமில்லாமல் எதிலுமே மனம் ஒட்டாமல் இருந்தால், அது கேமைப் பற்றிய கேள்வியே அல்ல, ஒரு மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

நீங்கள் விட மனமில்லாமல் இருந்தால், எனக்கு வேலை செய்த சிலவற்றைச் சொல்கிறேன். ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் தூங்கப்போகும் முன் வேண்டாம். நிறுத்தும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்: ஒரு சாவுக்குப் பின் அணைக்காமல், ஊருக்குத் திரும்பி, நெருப்புப் பக்கத்திலோ யாராவது பேசும் இடத்திலோ வந்து அணையுங்கள். மறுநாள் திரும்பிப்போக மனம் வருவதற்கு இது பெரிய காரணமாக இருந்திருக்கிறது. கடினத்தைக் குறையுங்கள். சண்டையில் தோற்றுத் தோற்று வரும் எரிச்சலை, கதையின் சோகம் என்று நாம் பல சமயம் தப்பாக எடுத்துக்கொள்கிறோம், குறைத்துப் பார்த்தால்தான் எது எது என்று பிரியும். பின்னணிச் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். இந்த உலகங்களின் கனத்தில் பாதி, இடைவிடாமல் அடியில் ஓடும் அந்த ஊளைக்காற்றும் முனகலும்தான். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஆடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் அதே காட்சிகூட இலேசாகிவிடும். அப்புறம், கதை மட்டும்தான் உங்களை இழுக்கிறது என்றால், வேறொருவர் ஆடுவதை வீடியோவாகப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கேமின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, அதனால் விடுங்கள் என்றோ தொடருங்கள் என்றோ ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். இன்னும் 2 மணி நேரம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், முக்கிய மிஷன்களை விட்டுவிட்டு. மேப்பில் மூலைகளுக்குப் போங்கள். கடைக்காரரிடம் பேசுங்கள், ஒரு முறை பேசியவரிடம் திரும்பப் பேசுங்கள். யாராவது பாடுகிறார்களா, யாராவது செடி வளர்க்கிறார்களா, நீங்கள் செய்த ஒரு சின்ன உதவி யார் வாயிலாவது வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சுற்றியே கொஞ்ச நாள் ஆடுங்கள். 2 மணி நேரத்தில் ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் அழித்துவிடுங்கள், 10 மணி நேரம் போட்டுவிட்டோமே என்று பார்க்காதீர்கள்.

'திஸ் வார் ஆஃப் மைன்' கேமை நான் மூன்றாம் முறை ஆடியபோது அந்த வயதானவர்களின் வீட்டுக்கு மறுபடி போனேன். எதையும் எடுக்கவில்லை. கிழவர் என்னைப் பார்த்துப் பயந்து நின்றார், நான் வெளியே வந்துவிட்டேன். விடிந்தபோது கையில் ஒன்றும் இல்லாமல்தான் வீடு திரும்பினேன். அன்று பகலில் எங்கள் வீட்டில் ஒருவர் கிட்டாரை எடுத்து வாசித்தார்.